எழுபத்தாறாவது பந்து

2005 மே மாதம் ஹவுகன்ஸ்டுவா எல்கர் அணி பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு இறங்கியபோது, அது வெல்லும் என்று அதன் பயிற்சியாளர் ஸ்வெர்ரேகூட நம்பவில்லை. முந்தைய வருடம் பதினெட்டு ஆட்டங்களில் இரண்டே வெற்றிகள். அதிலும் ஒன்று, எதிரணியின் பஸ் வழியில் பழுதாகி நின்றதால் கிடைத்தது.

ஒஸ்லோவில் பேஸ்போல் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு ஃபிளாஸ்க் கோப்பி போதும். ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஸ்வெர்ரேவுக்குத் தண்ணீர்க் குழாய் பொருத்தும் வேலை. முதல் 'பேஸ்' காக்கும் ஒர்லாண்டோ கியூபாவில் இருந்து வந்து டாக்சி ஓட்டுகிறவர். மீதிப் பேரும் இப்படித்தான்.

ஆனால் இந்த வருடம் பந்து எறிய ஒரு புதியவன் வந்திருந்தான். அபிராம். மார்ச் மாதம்தான் பதினெட்டு முடிந்திருந்தது. தமிழ்ச் சங்கத்துக் கிரிக்கெட்டில் அவன் போட்ட பந்தையெல்லாம் நடுவர் மகேசன் 'நோ போல்' என்று தள்ளிவிட்டார். "தம்பி, நீ போடேல்லை, எறியிறாய். எறியிறதெண்டால் வேற விளையாட்டுக்குப் போ" என்றார். அவன் போய்விட்டான்.

ஜூன் நடுவில் எட்டு ஆட்டம், ஏழு வெற்றி. நெதர்லாந்தில் சம்பளம் கொடுத்து ஆட்களை வைத்திருக்கும் ஒரு தொழில்முறைக் கழகம் ஸ்வெர்ரேவுக்குத் தொலைபேசி எடுத்தது. ஓகஸ்ட் கடைசி ஞாயிறு ஆள் அனுப்புகிறோம், பையன் பிடித்திருந்தால் அடுத்த பருவம் எங்களோடு என்றது.

அபிராமின் தாய் உதயகுமாரிக்கு ஆட்டம் விளங்காது. ஞாயிறு தோறும் வந்து மரப்பலகையில் இருந்து, மகன் கையை வீசுவதை மட்டும் பார்ப்பாள். மற்றவர்கள் கைதட்டும்போது அவள் மனதுக்குள் வேறு ஒரு கணக்கு ஓடும்.

அவனுக்குப் பதினெட்டு இல்லை. பதினைந்து. அது நோர்வேயில் இரண்டே பேருக்குத் தெரியும்: அவளுக்கும் அவள் கணவன் சச்சிதானந்தனுக்கும்.

அவன் அபிராமும் இல்லை. அபிராம் அவனுடைய அண்ணன்.

சச்சிதானந்தன் 1989இல் நோர்வேக்கு வரும்போது அபிராமுக்கு இரண்டு வயது, அவள் வயிற்றில் சயூரன். சயூரன் பிறந்த நேரம் யாழ்ப்பாணத்தில் பதிவுக் கந்தோர்கள் ஒழுங்காகத் திறக்கவில்லை. பிறப்புப் பதிவு எடுக்காமலே போய்விட்டது. ஐந்து வருடம் கழித்து விசா வந்தது, தாய்க்கும் மூத்தவனுக்கும். சின்னவனைப் பிறகு கூப்பிடலாம், அதுவரை மைத்துனி சிறிதேவியோடு இருக்கட்டும் என்பது ஏற்பாடு.

மூன்று பேரும் சிறிதேவியோடு கொழும்பு லொட்ஜில் இருந்தபோது அபிராமுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் போய்விட்டான். ஏழு வயது. சிறிதேவிதான் மயானப் புத்தகத்தில் பெயர் எழுதினாள். அவள் எழுதியது 'சயூரன்' என்று. "விசா மூத்தவன்ர பேரில. இவனை அந்தப் பேரில கொண்டு போ. இல்லையெண்டால் ரெண்டு பிள்ளையையும் விட்டிட்டுப் போறாய்" என்றாள்.

ஐந்து வயது நிரம்பாத சயூரன் அபிராமாக விமானம் ஏறினான். தம்பி செத்துவிட்டான் என்று அவனுக்குச் சொல்லி வளர்த்தார்கள். அவனும் நம்பினான். வகுப்பில் எப்போதும் கடைசி உயரம். பிள்ளைக்கு இன்னும் பென்சில் பிடிக்க வரவில்லையே என்று டீச்சர் கேட்டபோது, சச்சிதானந்தன் "யுத்தம்" என்று ஒரே சொல்லில் முடித்தார். டீச்சர் மறுபடி கேட்கவில்லை.

அதற்குப் பிறகு உதயகுமாரி கோயிலில் செய்ததெல்லாம் தலைகீழ். மார்ச் மாதம் வந்தால், செத்த பிள்ளைக்குப் பிறந்தநாள் அர்ச்சனை. பெயர் அபிராம் என்பாள், நட்சத்திரம் மட்டும் சுவாதி என்று சின்னவனுடையதைச் சொல்வாள். கடதாசியை மாற்றலாம், நட்சத்திரத்தை மாற்ற அவளுக்குத் துணிவில்லை. ஒக்டோபரில் மோட்ச அர்ச்சனை. ஐயர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் கேட்பார். உயிரோடு பக்கத்தில் நிற்கிறவனின் பெயரைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள்.

ஜூன் கடைசியில் ஒரு மாலை. அபிராம் முழங்கையில் உறைந்த பட்டாணிப் பையை வைத்தபடி சமையலறை மேசையில் இருந்தான். முன்னால் ஒரு தாள். புதன்கிழமைகளில் கழகத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு அவன்தான் பயிற்சி கொடுக்கிறான்.

"என்னடா அது?"

"ஆர் எத்தினை பந்து எறியலாமெண்டு. பதின்மூண்டு வயசுக்கு அறுபது. பதினைஞ்சுக்கு எழுபத்தைஞ்சு. அதுக்கு மேல ஒரு பந்தும் விடக்கூடாது. பிறகு நாலு நாள் ஓய்வு."

"ஏன்?"

"எலும்பு முத்தேல்லை அம்மா. முழங்கையில வளருற இடம் மெத்தெண்டு இருக்கும். கூட எறிஞ்சால் பிய்ஞ்சு போகும்."

உதயகுமாரி அடுப்பை நிறுத்தினாள். "நீ எத்தினை எறியிறனி?"

"போன ஞாயிறு நூற்றிப்பதினெட்டு." அவன் சிரித்தான். "நான் பெரிய ஆள்தானே. பதினெட்டுக்கு மேல எல்லை இல்லை, கழகத்துப் படிவத்தில நாங்களே கையெழுத்து வைக்கலாம். மார்ச்சில வைச்சுக் குடுத்திட்டன்."

"நோகுதோ?"

"எல்லாருக்கும் நோகும்."

சச்சிதானந்தன் பஸ் ஓட்டிவிட்டு வந்து, சீருடை கழற்றாமல் சாப்பிட இருந்தார். மகன் குளிக்கப் போன நேரம் அவள் தாளை அவர் முன்னால் வைத்தாள்.

"இஞ்சருங்கோ, இதை வாசியுங்கோ."

வாசித்தார். தாளை நாலாக மடித்தார். "இப்ப என்ன செய்யச் சொல்லுறாய்?"

"கோச்சுக்கு மட்டும் சொல்லுவம். அந்தாள் நல்லவர்."

"கோச்சுக்குச் சொன்னால் கழகத்துக்குத் தெரியும். கழகத்துக்குத் தெரிஞ்சால் பொலிசுக்குத் தெரியும். பொய் சொல்லி எடுத்த பாஸ்போட் உதயா. மூண்டு பேரின்ரையும் பறிப்பாங்கள். அவன் எந்த நாட்டுக்குப் போவான்? அங்கை அவன் செத்தவன்."

"கை போனால்?"

"இன்னும் ரெண்டு மாசம். நெதர்லாந்துக்காரன் வந்து பாக்கட்டும். அங்கை பெரிய டொக்டர்மார் இருப்பினம்." அவர் சோற்றைப் பிசைந்தார், வாயில் வைக்கவில்லை. "பதினொரு வருசம் காத்த வாயை ரெண்டு மாசம் காக்கேலாதோ?"

காத்தாள். ஆனால் சும்மா இருக்க முடியவில்லை. ஜூலையில் ஒரு சனிக்கிழமை முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு மகனிடம் போனாள்.

"அப்பான்ர பகுதியில ஒராள் மோசம் போட்டார் தம்பி. குகநேசன் மாமா. எங்களுக்குத் துடக்கு. முப்பத்தொரு நாள் விளையாடப் போகக் கூடாது."

"துடக்கெண்டால் கோயிலுக்குத்தானே போகக் கூடாது?"

"விளையாட்டுக்கும்தான்."

"அம்மா, ஸ்டொவ்னரில நாலு பெடியள் துடக்கோட ஃபுட்போல் கப் அடிச்சவங்கள்." அவன் காலுறையைத் தேடிக்கொண்டே கேட்டான். "ஆர் இந்தக் குகநேசன் மாமா? போன கிழமை ஸ்தவாங்கரில இருந்து ஃபோன் எடுத்தவரோ?"

அவர்தான். அவசரத்துக்கு அவள் வாயில் வந்த பெயர் அது. குகநேசன் நல்ல சுகத்தோடு இருந்தார். அடுத்த நாளே மறுபடி தொலைபேசி எடுத்தார். அபிராம்தான் எடுத்துப் பேசினான். அதன் பிறகு இரண்டு நாள் அவளைக் கண்டால் "குகநேசன் மாமாவுக்கு எட்டுச் செலவு எப்ப அம்மா?" என்று எட்டாம் நாள் சடங்கைக் கேட்டுச் சிரித்தான்.

ஓகஸ்ட் தொடக்கத்தில் அவள் ஸ்வெர்ரேவிடமே போனாள். அவர் மைதானத்து ஓரத்தில் ஒரு வாளிக்குள் பழைய பந்துகளைத் தேர்ந்துகொண்டிருந்தார். பதினைந்து வருடம் ஒரு பிள்ளையைப் பார்த்த கண்ணோடு அவர் முன்னால் நின்றாள். அவளுடைய நோர்வேஜியன் முதியோர் இல்லத்துச் சமையலறைக்குப் போதுமானது, இதற்குப் போதவில்லை.

"அவன் நிறைய எறிகிறான். கை நோகிறது."

"எனக்கும் தெரியும். ஐஸ் வைக்கச் சொல்லியிருக்கிறேன்."

"குறைக்க வேண்டும். எழுபத்தைந்து."

ஸ்வெர்ரே நிமிர்ந்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது. "அது சின்னப் பிள்ளைகளுக்கு. அபிராமுக்குப் பதினெட்டரை வயது. எனக்கும் இப்படி ஒரு அம்மா இருந்தார். பிள்ளை வளர்ந்ததை அம்மாக்கள் கடைசியாகத்தான் ஒத்துக்கொள்வார்கள்."

"அவன் வளரவில்லை" என்றாள் உதயகுமாரி.

அவர் அவள் தோளில் மெல்லத் தட்டி, வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். அவள் அங்கேயே நின்றாள். இன்னும் ஒரு வசனம் மிச்சம் இருந்தது.

ஓகஸ்ட் கடைசி ஞாயிறு வந்தது. எதிரணி ஸ்தவாங்கரில் இருந்து எட்டு மணி நேரம் பஸ்ஸில் வந்திருந்தது. நெதர்லாந்துக்காரர் சாம்பல் நிறக் கோட்டோடு கம்பி வேலிக்குப் பின்னால் நின்று, கையில் ஒரு கருவியைப் பிடித்துப் பந்தின் வேகம் அளந்தார். எல்கர் அணி அதுவரை பதினைந்து ஆட்டத்தில் பன்னிரண்டு வென்றிருந்தது. இதையும் வென்றால் முதலிடம். பலகை வரிசைகளில் அன்றைக்கு நாற்பது பேராவது இருந்தார்கள்.

உதயகுமாரி எண்ணினாள். ஒவ்வொரு பந்துக்கும் ஒரு விரல்.

ஐம்பதில் அவன் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தான். அறுபதில் நெதர்லாந்துக்காரர் எதையோ எழுதினார். எழுபதில் பக்கத்தில் இருந்த ஸ்வெர்ரேயின் மனைவி அவளுக்குக் கோப்பி ஊற்றினாள். "உங்கள் மகன் எங்களுக்குக் கிடைத்தது பெரிய அதிர்ஷ்டம்" என்றாள்.

எழுபத்தைந்து.

உதயகுமாரி எழுந்தாள். பலகைகளைத் தாண்டிக் கம்பி வேலி வரை போனாள். ஸ்வெர்ரே அவளுக்கு முதுகு காட்டி, ஐந்து அடி தூரத்தில் நின்றார். கூப்பிட்டால் கேட்கும். அபிராம் அவளைப் பார்த்துவிட்டான். வேலிக்குள் கை நுழைத்து நிற்கும் அம்மாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். பிள்ளை முகம். பல்லுக் காட்டிச் சிரிக்கும் பதினைந்து வயது முகம். இது எப்படி ஒருவருக்கும் தெரியவில்லை என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"என்ன?" என்று ஸ்வெர்ரே திரும்பினார்.

"ஒன்றும் இல்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்க வந்தேன்."

எழுபத்தாறாவது பந்தை அவன் எறிந்தான். அவள் வேலியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு போய் இருந்தாள்.

தொண்ணூற்று மூன்றாவது பந்தில் சத்தம் கேட்டது. காய்ந்த தடி முறிகிற சத்தம். மட்டை முறிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மட்டைக்காரன் மட்டையை அசைக்கவே இல்லை. அபிராம் வலது கையை இடது கையால் ஏந்திக்கொண்டு, நின்ற இடத்திலேயே முழங்காலில் இருந்தான். அவன் கத்தவில்லை. அவளைத் தேடிப் பலகைப் பக்கம் பார்த்தான்.

ஆஸ்பத்திரியில் வெயில் படும் ஒரு சிறிய அறை. வைத்தியர் இளம் பெண். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு, அபிராமிடம் மட்டும் பேசினாள். "நீங்கள் வயது வந்தவர். அம்மா வெளியே இருக்க வேண்டுமானால் சொல்லுங்கள்."

"இருக்கட்டும்."

"முழங்கையின் உட்பக்கத்து எலும்புத் துண்டு பிய்ந்து விலகியிருக்கிறது. இன்றே ஆணி வைக்க வேண்டும். ஆனால் எனக்கு ஒரு குழப்பம்." விரலால் ஒரு கறுப்புக் கோட்டைத் தொட்டாள். "இது எலும்பு வளரும் இடம். பதினெட்டரை வயதில் மூடியிருக்க வேண்டும். உங்களுக்கு மூடவில்லை. சுரப்பி நோய் ஏதும் இருக்கிறதா? இருந்தால் அதைப் பார்க்காமல் மயக்க மருந்து கொடுக்க எனக்கு விருப்பமில்லை. இன்னும் வளர்கிற கை என்றால் ஆணி வைக்கும் முறையும் வேறு. பிழையாக வைத்தால் கை கோணலாக வளரும்."

"ஒரு நோயும் இல்லை" என்றான் அபிராம்.

கதவடியில் சச்சிதானந்தன் நின்றார். பஸ்ஸைப் பாதி வழியில் வேறொருவரிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். உதயகுமாரியைப் பார்த்துத் தலையை மிக மெதுவாக ஆட்டினார். வேண்டாம்.

அவள் வைத்தியரைப் பார்த்து நோர்வேஜியனில் ஒரே ஒரு சொல் சொன்னாள்.

"ஃபெம்தென்."

பதினைந்து.

"அம்மா, என்ன விசர்க்கதை கதைக்கிறியள்?" அபிராம் தமிழுக்கு மாறினான். "நெதர்லாந்துக்காரன் இன்னும் ஒஸ்லோவிலதான் நிக்கிறான். எனக்கு ஏதோ நோய் வருத்தமெண்டு நினைக்கப் போறான்."

"நீ நவம்பரில பிறந்தனி மோனை. எண்பத்தொன்பது."

"அது தம்பி. சயூரன்."

"ஓம். நீதான் சயூரன்."

அவன் தகப்பனைப் பார்த்தான். சச்சிதானந்தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அதுவே போதுமாக இருந்தது.

"அப்ப செத்தது?"

"அண்ணா."

"எனக்கு அண்ணா எண்டு ஒருத்தர் இருந்தவரோ?"

வைத்தியருக்கு மொழி விளங்கவில்லை, ஆனால் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"மோட்ச அர்ச்சனை எல்லாம் என்ர பேரிலயோ செய்தனீங்கள்?"

"ஓம்."

"எத்தினை தரம்?"

"பத்து."

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினான். வைத்தியர் ஒரு தாளை மெல்ல மேசையில் நகர்த்தினாள். பதினாறுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்றாள். உதயகுமாரி கையெழுத்து வைத்தாள். நோயாளியின் பெயர் என்ற கோட்டை வெறுமையாக விட்டுக் கொடுத்தாள்.

ஆணி சரியாகத்தான் வைக்கப்பட்டது. ஆனால் கிழிந்தது அன்றைக்கு மட்டும் அல்ல, மே மாதத்தில் இருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிந்திருக்கிறது என்றார்கள். கை இனி முழுதாக நீளாது. எழுதலாம், சாப்பிடலாம். எறிய முடியாது.

செப்டம்பர் முதல் வாரம் ஸ்வெர்ரே வீட்டுக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கொடுத்த தேநீரைக் குடிக்காமல் இருந்தார். காப்புறுதிக்காக ஆஸ்பத்திரியில் இருந்து கழகத்துக்கு அறிக்கை போயிருந்தது. மேல் பிரிவில் பதினாறு வயதுக்குக் குறைந்தவர் ஆடக் கூடாது என்பது விதி. அபிராம் எல்லா ஆட்டத்திலும் ஆடியிருந்தான். வென்ற பன்னிரண்டையும் பேஸ்போல் சங்கம் ஒன்பதுக்குப் பூச்சியம் என்று தோல்வியாக எழுதிவிட்டது. எல்கர் அணி கடைசி இடம். அடுத்த வருடம் கீழ்ப் பிரிவு.

"கோபமா?" என்று உதயகுமாரி கேட்டாள்.

"எனக்கு என் மேல்தான். நீங்கள் என்னிடம் வந்து சொன்னீர்கள். நான் தோளில் தட்டினேன்." அவர் மூடியிருந்த அறைக் கதவைப் பார்த்துக் குரலைக் குறைத்தார். "நெதர்லாந்துக்காரர் நேற்றுத் தொலைபேசி எடுத்தார். பதினெட்டு வயதுக்கு இந்த வேகம் சுமார், எடுத்திருக்க மாட்டேன் என்றார். பதினைந்து என்று சொல்லியிருந்தால், ஒரு பந்தும் எறிய விடாமல் மூன்று வருடம் காத்திருந்து கூட்டிப்போயிருப்பேன் என்றார்."

அறைக்குள் கட்டில் கிரீச்சிட்டது. அவன் கேட்டிருக்கிறான்.

பொலிசுக்குப் போகும் கடிதத்தைச் சச்சிதானந்தனே எழுதினார். பதில் வர மாதங்கள் ஆகலாம் என்றார்கள். மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். தாயிடம் மகன் உப்புக் கேட்பான், சாவி கேட்பான். அதற்கு மேல் இல்லை.

பருவத்தின் கடைசி ஆட்டம் செப்டம்பர் பதினெட்டு. வென்றாலும் ஒன்றும் மாறாது. ஆனாலும் ஆட வேண்டும், இல்லாவிட்டால் தண்டம். அவன் கட்டுப் போட்ட கையோடு போய் அணியின் பெஞ்சில் இருந்தான். உதயகுமாரி கூப்பிடாமலே பின்னால் போனாள். ஸ்வெர்ரேயின் மனைவி தள்ளி இருந்து இடம் கொடுத்து, வழக்கம்போல் கோப்பி ஊற்றினாள். யாராவது ஒருவர் திட்டினால் நல்லது என்று உதயகுமாரிக்கு இருந்தது.

எறிய வேறு ஆள் இல்லாததால் நாற்பத்துநாலு வயது ஸ்வெர்ரேயே எறிந்தார். நடுவில் ஒர்லாண்டோ பெஞ்சுக்கு வந்து தண்ணீர் குடித்துக்கொண்டே கேட்டார்.

"டேய், இனி உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது?"

"தெரியாது. பொலிஸ் எழுதி அனுப்பும்."

பெஞ்சில் எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவன் சிரித்து அவள் பார்த்தது அப்போதுதான். அவளுக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

பதினாலுக்கு ஒன்று என்று தோற்றார்கள். எதிரணி வந்து ஒவ்வொருவராகக் கை கொடுத்தது. அவனுக்கு இடது கையைக் கொடுத்தார்கள்.

ரயில் நிலையம் வரை அவன் முன்னால் நடந்தான். அவள் பத்து அடி பின்னால். மேடையில் ஞாயிறு என்று காட்டில் நடந்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பைகளோடு நின்றார்கள். குளிர் தொடங்கியிருந்தது. அவன் தூணில் சாய்ந்து தண்டவாளத்தைப் பார்த்தான். அவள் துணிந்து பக்கத்தில் போய் நின்றாள். அவன் விலகிப் போகவில்லை.

அவளைப் பார்க்காமலே கேட்டான்.

"அண்ணா எந்தக் கையால எறியிறவர்?"

உதயகுமாரி வாயைத் திறந்தாள்.

அபிராமைத் தேடினாள். லொட்ஜ் அறையில் ஒரு பிள்ளை பந்து எறிந்தது. எந்தப் பிள்ளை? சோப்புப் பெட்டியை ஜன்னலால் எறிந்து அடி வாங்கியது யார்? கையை நினைத்தால் இவன் கை வந்தது. முகத்தை நினைத்தால் இவன் முகம் வந்தது. பதினொரு வருடமாக இவனை அந்தப் பெயரால் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அந்தப் பெயருக்கு உரியவனிடம் மிச்சம் இருந்தது எல்லாவற்றையும் இவனுக்கே கொடுத்து முடித்துவிட்டாள்.

"சொல்லுங்கோவன்" என்றான்.

"எனக்கு... ஞாபகம் இல்லை ராசா."

அவன் அப்போதுதான் அவளைத் திரும்பிப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். ரயில் வந்து நின்றது. அவன் ஏறினான், அவளும் ஏறினாள். இரண்டு இருக்கைகள் வெறுமையாக அருகருகே இருந்தன. அவன் நின்றுகொண்டே வந்தான்.